அம்மா கேட்ட இடம்

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பது எங்கள் வழக்கம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் சேர்ந்த ஒரு சிறு புத்தகம். வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். நீர்வளமும் நிலவளமும் நிறைந்த இன்ன ஊரில் இன்னாருக்கு மகளாக என்று வரும். ஏரம்பமூர்த்தி மாமா அந்த வசனத்தை எழுதி, ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு என்னிடம் கொண்டுவந்து தந்தார். அவர் அப்பாவின் நண்பர். ஆக்லாந்தில் நடக்கும் தமிழ்ச் செத்தவீடுகளில் பாதியை முன்னின்று நடத்துபவர்.

முழுவதையும் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் மின்பொறியியலாளன். பென்ரோஸில் குளிர்களஞ்சியங்களின் மின்சார வேலைகளைப் பார்க்கிறேன். எனக்கு அறிக்கை எழுதித்தான் பழக்கம். இதுவும் அப்படித்தான் இருக்கும்.

என் அம்மா மார்த்தா தியாகலிங்கம் 1937ஆம் ஆண்டு ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தகப்பன் பெயர் டெஜோ. தாய் பெயர் ரோஸா. ஒரே பிள்ளை. அவர்கள் யூதர்கள்.

கடைசி வசனம் இதை வாசிக்கும் பலருக்குப் புதிதாக இருக்கும். கொக்குவிலில் இருபத்தைந்து வருடம் அம்மாவோடு வேலிக்கு மேலால் கதைத்தவர்களுக்கும் புதிதுதான். மார்த்தா என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் அவரை வேதக்காரி, அதாவது கிறிஸ்தவப் பெண் என்று நினைத்தார்கள். அம்மா மறுக்கவில்லை. தான் இருக்கும்வரை இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், பிறகு சொல்லலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

பதினொரு வயதில் தனியாகக் கப்பலில் ஆக்லாந்துக்கு வந்தார். தகப்பனின் தம்பி உலக யுத்தத்துக்கு முன்பே இங்கே வந்து ஒரு மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தச் சித்தப்பாவும் சித்தியும் அம்மாவை வளர்த்தார்கள். நல்லவர்கள். பழசைக் கதைக்கக் கூடாது, ஆங்கிலப் பிள்ளை போல இருந்து பழகு என்பது மட்டும் அந்த வீட்டுச் சட்டம். பிள்ளையின் நன்மைக்காகவே அப்படிச் சொன்னார்கள் என்று அம்மா எப்போதும் சொல்வார்.

படித்து முடித்துத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொழும்புத் திட்டப் புலமைப்பரிசிலில் பொறியியல் படிக்க வந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து மாணவன், தகப்பனுக்குச் சுகமில்லை என்று கொழும்புக்கு ஓர் அழைப்புப் பதிந்தான். அன்று முழுக்க இணைப்புக் கிடைக்கவில்லை. ‘இன்னும் கிடைக்கவில்லை, காத்திருங்கள்’ என்று சொல்வதற்காகவே அம்மா அவனை மறுபடி மறுபடி அழைத்தார். அது அவருடைய வேலை அல்ல. காத்திருப்பவருக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். அந்த மாணவன்தான் என் அப்பா தியாகலிங்கம்.

1962இல் இருவரும் யாழ்ப்பாணம் போனார்கள். அப்பாவுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. அம்மா அடுப்படியில் தமிழ் படித்தார். சேலை கட்டினார், பொட்டு வைத்தார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார். அவர் இடித்த மிளகாய்த்தூளை ஊரில் கேட்டு வாங்குவார்கள். வெள்ளைக்காரியின் தூள் என்று அதற்குப் பெயர். கொக்குவில் அடுப்படியில் நெருப்பு ஒருநாளும் அணைந்ததில்லை. படுக்கப் போகுமுன் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார். காலையில் கிண்டினால் செக்கச்செவேல் என்று இருக்கும். நல்ல குடும்பப் பெண் என்று அயலில் மெச்சினார்கள்.

உங்கள் பெற்றோர் எங்கே என்று சின்ன வயதில் அம்மாவைக் கேட்டிருக்கிறேன். சண்டையில் செத்துப்போச்சினம் என்றார். பிறகு எங்களுக்கும் சண்டை வந்தது. செத்துப்போவது எல்லா வீட்டிலும் நடக்கும் விஷயமாகிவிட்டது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்பா 1986இல் மாரடைப்பில் இறந்தார். நான் கொள்ளி வைத்தேன். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பதால் அம்மா வாசல் படலையோடு நின்றுவிட்டார். சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம். அதற்கு மட்டும் அம்மா பிடிவாதமாக வந்தார். கரைத்த இடத்தில் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இனி எந்த இடத்தில் நிற்பது என்று என்னைக் கேட்டார். கடல் முழுக்கத்தான் என்றேன். அம்மா தலையாட்டினார்.

1988இல் ஊரைவிட்டுக் கிளம்பினோம். வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் பஸ்ஸால் இறங்கி நடக்க வேண்டும். வெள்ளைக்காரி என்று கண்ட சிப்பாய், மேடம் நீங்கள் இருங்கள் என்று கையைக் காட்டினான். அம்மா இறங்கினார். இருக்கச் சொல்லித்தானே சொல்கிறார்கள், ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சாவடி தாண்டி மறுபடி பஸ்ஸில் ஏறும்வரை அந்தக் கையை விடவில்லை.

ஆக்லாந்தில் ஏவன்டேலில் வீடு எடுத்தோம். சித்தப்பாவும் சித்தியும் அதற்குள் இறந்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சனம் அகதிகளாக வரத் தொடங்கியபோது அம்மா அவர்களுக்கு வங்கி, பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாம் காட்டிக் கொடுத்தார். விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள், பொட்டு வைத்த வெள்ளைக்காரி ஒருவர் ‘களைச்சுப் போனியள், வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்’ என்று சொல்வதைக் கேட்டு விறைத்து நின்ற கதைகள் பல உண்டு. அப்படி வந்து இறங்கிய சோபனா குடும்பத்தைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்.

அம்மாவிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. மின்சார அடுப்பில் ஒரு சிறு தட்டை எப்போதும் மிகக் குறைந்த சூட்டில் விட்டுவைப்பார். மேலே ஒன்றும் இருக்காது. வீடு எரிந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு, குறித்த நேரத்தில் மின்சாரத்தைத் தானாக அணைக்கும் ஓர் ஆளியைப் பொருத்தினேன். அணைந்த பிறகு அம்மா போய் மறுபடி போட்டுவிட்டு வருவார்.

1995 நவம்பர். இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போன நாட்கள். ஏரம்பமூர்த்தி மாமாவின் மனைவி இராசமலர் மாமி எங்கள் குசினியில் அமர்ந்திருந்தார். கொழும்பிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. மாமியின் தாயார் நாவற்குழிப் பாலம்வரை மற்றவர்களோடு நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. மாமி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன செருப்போடு போனாவோ தெரியாது என்றார். அம்மா மாமியின் இரண்டு கைகளையும் பிடித்தபடி இருந்தார். சாப்பிட வைத்து, பஸ் வரும்வரை வாசலில் நின்று அனுப்பிவிட்டு வந்து என் முன்னால் இருந்தார்.

“என்ரை அம்மாவையும் நடத்திக்கொண்டுதான் போனவங்கள்,” என்றார். “அப்பாவின்ரை சப்பாத்தோடை.”

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எல்லாம் தமிழில். ஹங்கேரிய மொழியில் அதை நினைக்கவே முடியாது, ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள், தமிழில்தான் அது எங்கோ நடந்த கதை மாதிரி வாயால் வருகிறது என்றார்.

அவருடைய அப்பாவைக் கட்டாய வேலைக்கென்று பிடித்து உக்ரேன் பக்கம் கொண்டுபோனார்கள். பிறகு செய்தி இல்லை. 1944இல் ஜெர்மானியர் வந்தார்கள். கோட்டில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அம்மாவுக்கு ஏழு வயது. நட்சத்திரம் வடிவாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாராம். பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று நினைத்திருக்கிறார். பிறகு வீட்டைவிட்டு எழுப்பி, யூதர்களை மட்டும் குவித்துவைத்த ஒரு மாடிக் கட்டடத்தில் விட்டார்கள். ஓர் அறைக்குள் மூன்று குடும்பம். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் படையினர் முதலில் கேட்கும் கேள்வி, நீ யார் என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர்கள் எல்லோரும் போனார்கள் என்றார் அம்மா. கொக்குவிலில் வேதமா சைவமா என்று கேட்டபோது, கேட்டவர் விரும்பிய பதிலைச் சொன்னதும் அதனால்தான்.

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, இளம் பெண்கள் எல்லோரும் முற்றத்துக்கு இறங்க வேண்டும் என்று கட்டளை வந்தது. ரோஸா கணவனின் சப்பாத்துக்குள் கடதாசியை அடைத்துக் காலில் போட்டுக்கொண்டார். அறையின் மூலையில் நிலக்கரி அடுப்பு ஒன்று இருந்தது.

“அன்யு எண்டால் அம்மா,” என்றார் அம்மா. “அன்யு எனக்கு முன்னாலை குந்தியிருந்து சொன்னவா. அடுப்பை அணைய விடாதை, நான் வரேக்கை குளிரும் எண்டு. நான் விடேல்லை, தம்பி. கரி முடிய முக்காலியைப் போட்டன். மரப்பாச்சியைப் போட்டன். பிறகு போட ஒண்டும் இல்லை.”

அந்தப் பெண்களை ஒஸ்திரிய எல்லைவரை நடத்திக் கொண்டுபோனார்கள். வழியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டார்கள். ரோஸா எந்த இடத்தில் விழுந்தார் என்று கண்டவர் இல்லை. அடுப்பு அணைந்துபோன அறையிலிருந்து ஒரு வயோதிபர் அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய், செஞ்சிலுவைக் கொடி பறந்த ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டார். ஜனவரியில் ரஷ்யப் படை வந்தபோது அம்மா உயிரோடு இருந்தார். அந்தக் கட்டடத்துக்குத் திரும்பிப் போய்ப் படியில் இருந்து பார்த்திருக்கிறார். போனவர்களில் சிலர் வந்தார்கள்.

“நெருப்பு அணைஞ்சதாலைதான் வரேல்லை எண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன்,” என்றார். “இப்ப அப்பிடி நினைக்கிறேல்லை. கைதான் கேக்குதில்லை.”

அன்றைக்கே அந்த ஆளியைக் கழற்றிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். கரண்ட் காசு கூட வரும் என்று பகிடி விட்டார்.

இராசமலர் மாமியின் தாயார் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரோடு இருக்கிறார் என்று பிறகு தெரியவந்தது. அம்மா பாயசம் காய்ச்சிக்கொண்டு பஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனார். ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று மாமிக்கு விளங்கவில்லை. மாமியை விட அம்மாதான் கூட அழுதாராம்.

இந்த வருடம், 1997, பெப்ரவரியில் மூளையில் கட்டி என்று சொன்னார்கள். வெட்ட முடியாத இடம். வைத்தியசாலைக் கார்ப் பார்க்கில், நான் வண்டியை எடுக்குமுன் அம்மா கதைத்தார்.

“தம்பி, என்னை எரிக்காதை.”

நான் என்ஜினை நிறுத்தினேன். நெருப்பென்றால் பயமா என்று கேட்டேன்.

“செத்தாப் பிறகு என்ன பயம்? உன்ரை அப்பாவைப் பாக்கிறதெண்டால் கீரிமலைக்குப் போகவேணும். அங்கை இப்ப ஆமி. என்ரை அப்பா எந்தக் காட்டிலையோ. அன்யு எந்த ரோட்டுக்கரையிலையோ. போய் நிக்கிறதுக்கு எனக்கு ஒரு இடம் ஒருநாளும் இருந்ததில்லை. உனக்கு ஒண்டு இருக்கட்டும்.”

சித்தப்பாவும் சித்தியும் வைக்குமெட்டே மயானத்தில் யூதர்களின் பகுதியில் இருக்கிறார்கள். அங்கே கேட்டுப் பார்க்கவா என்றேன்.

“கேட்டால் தருவினம். நல்ல சனம். ஆனா நீ ஆர் எண்டு முதலிலை கேப்பினம். கேக்கத்தானே வேணும், அதிலை பிழையில்லை. எனக்கு, ஆர் எண்டு கேக்காத இடத்திலை கிடக்கவேணும். பொதுப் பகுதியிலை போடு.”

ஏரம்பமூர்த்தி மாமா விடமாட்டார் என்றேன்.

“ஏரம்பு கத்துவான். பிறகு வந்து தோள் குடுப்பான்.”

சரி என்று சொன்னேன். வாய்தான் சொன்னது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். அம்மாவுக்கும் அதைச் செய்வதே மகன் என்று ஒருவன் இருப்பதற்குக் காரணம் என்று நம்பி வளர்ந்தவன். மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தால் வேலையை முடிக்காமல் வந்த மாதிரி இருக்குமே என்று மனம் அரித்தது. அம்மாவிடம் அதைக் காட்டவில்லை.

கட்டி வளர வளர அம்மாவின் மொழிகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் ஆங்கிலம் போனது. வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதிக்கு நான் மொழிபெயர்த்தேன். பிறகு தமிழ் குறைந்தது. பகலில் துணைக்கு இருந்த இராசமலர் மாமி, “அக்கா என்னவோ சொல்லுறா, எனக்கு விளங்கேல்லைத் தம்பி” என்று வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஏப்ரல் முடியும்போது மிஞ்சியது ஹங்கேரிய மொழி மட்டும். எனக்கு அதில் ஒரு சொல்தான் தெரியும்.

குரலும் மாறியது. அறுபது வயதுக் குரல் இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று வேகவேகமாக நியாயம் சொல்வதுபோல இருந்தது. ஒரு மத்தியானம் சூப்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தார்.

“அன்யு?” என்றார்.

நான் உங்கள் மகன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஓம்,” என்று தலையாட்டினேன்.

அம்மா நீளமாக ஏதோ கேட்டார். கேள்வி என்பது குரலில் தெரிந்தது. என்ன கேள்வி என்று இன்றுவரை தெரியாது. அதற்கும் ஓம் என்றேன். அம்மாவின் முகம் இளகியது. சூப் முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு என் சட்டை நுனியைப் பிடித்தபடி நித்திரையானார். அந்தப் பிடியை எடுக்காமல் இருட்டும்வரை இருந்தேன். மிச்சமிருந்த நாட்கள் முழுவதும் நான் அன்யுவாகத்தான் இருந்தேன். வேலையால் வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அந்தச் சொல் வரும். அவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

மே மாதத்தில் ஒரு காலை, மழை விட்டிருந்த நேரத்தில் அம்மா போனார்.

ஏரம்பமூர்த்தி மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடக்கம்தான் செய்யப் போகிறோம் என்றும் சொன்னேன். விளங்குது தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை, எல்லாம் நான் பாக்கிறன் என்றார். அம்மா சொன்னதுபோல அவர் கத்தவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவருக்கு என்ன விளங்கியது என்பது மத்தியானம்தான் எனக்கு விளங்கியது. மாமா வேட்டி கட்டாமல் கோட்டும் சூட்டுமாக வந்தார். பின்னால் போதகர் குணரத்தினம் வந்தார். மவுண்ட் ரொஸ்கில்லில் தமிழ்ச் சபை நடத்துபவர். அவர்களுக்குப் பின்னால் வந்த பெட்டியின் மூடியில் பித்தளைச் சிலுவை ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் அடக்கம் என்றால் வேதக்காரர். அக்கா கடைசிக் காலத்தில் தன் சமயத்துக்குத் திரும்பிவிட்டார் என்று மாமா எடுத்துக்கொண்டார். தன் மனத்தாங்கலை விழுங்கிக்கொண்டு, அவருடைய முறைப்படியே குறையில்லாமல் அனுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து ஓடித் திரிந்திருக்கிறார்.

போதகர் மெல்லிய குரலில், அம்மா ஞானஸ்நானம் பெற்ற சபை எது என்று கேட்டார்.

“ஞானஸ்நானம் இல்லை, ஐயா. அம்மா யூதர்.”

“என்ன தம்பி கதைக்கிறாய்?” என்றார் மாமா. “மார்த்தா எண்டால் வேதப் பெயரெல்லோ. எங்கடை கொக்குவிலிலையே ஒரு மார்த்தா ரீச்சர் இருந்தவா.”

“அது முதலிலை அவையின்ரை பெயர்தான், அண்ணை,” என்றார் போதகர். “நாங்கள் பிறகு எடுத்தது.”

அப்போதுதான் சொன்னேன். சப்பாத்தைச் சொன்னேன். அடுப்பைச் சொன்னேன். நடையைச் சொன்னேன். இராசமலர் மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தன் தாயைத் தேடிய நாட்களில் அம்மா கையை விடாமல் இருந்ததன் காரணம் அவருக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

மாமா கதைத்தபோது குரல் தணிந்திருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கா என்னவாகப் பிறந்தாலும் தியாகு அண்ணையின் மனைவியாக வாழ்ந்தவர். அண்ணை நெருப்பால் போனவர். அக்கா மண்ணுக்குள் கிடந்தால் இரண்டு பேரும் எங்கே சேர்வது? இடம் வேண்டும் என்றால் எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம், மேலே கல்லும் வைக்கலாம், இங்கே அப்படிச் செய்கிறார்கள். கொள்ளியும் வைத்ததாகும், இடமும் இருக்கும்.

அதைக் கேட்டதும் என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பெப்ரவரியிலிருந்து நான் தேடிய வழி அதுதான். அம்மா கேட்டதும் கிடைக்கும், நான் செய்ய வேண்டியதும் நடக்கும். கணக்கு இரண்டு பக்கமும் பொருந்துகிறது. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“நாங்கள் சின்னப் பிள்ளையளையும் சாமிமாரையும்தானே தம்பி புதைக்கிறது,” என்றார் மாமா. “வளந்த ஆளை எப்பிடிப் புதைக்கிறது?”

நான் அறைப் பக்கம் பார்த்தேன். கதவு திறந்திருந்தது.

“சின்னப் பிள்ளைதான், மாமா,” என்றேன். “கடைசியிலை ஏழு வயது. என்னைத் தாய் எண்டு நினைச்சுக்கொண்டுதான் கண்ணை மூடினவா. நானும் ஓம் எண்டு சொல்லிப் போட்டன். இனி நான் மகனாய் நிண்டு கொள்ளி வைக்கேலாது.”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகும் துடைத்தார். போட்டுக்கொண்டு போதகர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அந்தச் சிலுவையைக் கழட்டலாமோ? குறை நினையாதையுங்கோ.”

“இதிலை என்ன குறை,” என்றார் போதகர். “தம்பி, ஸ்குரூ டிரைவர் இருக்கோ?”

என் கருவிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நானே கழற்றுகிறேன் என்றேன், விடவில்லை. முழங்காலில் நின்று ஒவ்வொரு திருகாணியாக எடுத்து, சிலுவையைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூடியில் ஆணித் துவாரங்கள் தெரிந்தன. இராசமலர் மாமி செவ்வந்திப் பூவை அதற்கு மேல் பரப்பினார்.

மறுநாள் வைக்குமெட்டே. மாமா வேட்டி கட்டிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன் பக்கத்தில் தோள் கொடுத்தார். பெண்கள் வீட்டோடு நிற்பார்கள் என்று நினைத்தேன். இராசமலர் மாமி எல்லோருக்கும் முதல் காரில் ஏறிவிட்டார். பொம்பிளையள் அங்கை வாறேல்லையே என்று யாரோ இழுத்தார்கள். அக்காவைத் தனிய விட்டிட்டு வரேலாது என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். மற்றப் பெண்களும் வந்தார்கள்.

மயானத்தில் மண்ணை மூடுவதற்குச் சிறு இயந்திரம் ஒன்று தூரத்தில் நின்றது. நாங்கள் போன பிறகு மூடுவது இங்கத்தைய வழக்கம். நான் மண்வெட்டி கேட்டேன். அங்கே வேலை செய்யும் மவோரிக்காரர் ஒன்றும் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தார். தங்கள் சனமும் கையால்தான் மூடும் என்றார். முதல் மண் நான் போட்டேன். சத்தம் பலமாகக் கேட்டது. அதனால் அடுத்தடுத்த மண்ணை மெதுவாக, ஓரத்தால் சரித்து விட்டேன். நித்திரையில் இருக்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோலத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை களைத்தபோது போதகர் வாங்கினார். அவருக்குப் பிறகு மாமா. வேட்டியெல்லாம் செம்மண். நிலமட்டம் வரும்வரை ஒருவரும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ரயிலில் போய் கிளென் ஈடனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். அங்கே எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நிற்கிறேன். நின்றுவிட்டு வருகிறேன்.

கல் இன்னும் வைக்கவில்லை. மண் இறுகச் சில மாதம் ஆகும் என்கிறார்கள். ஆனால் என்ன வெட்டுவது என்று கல் வெட்டுபவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலே மார்த்தா. அதற்குக் கீழே அவருடைய தாய் ரோஸா, தகப்பன் டெஜோ, கணவர் தியாகலிங்கம். அண்ணையின் பெயரை வெட்டும்போது கொக்குவில் என்று ஊரையும் சேர்க்க வேண்டும் என்று ஏரம்பமூர்த்தி மாமா இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். சேர்த்திருக்கிறேன்.

கல் வெட்டுபவர் பெயர்களை வாசித்துவிட்டு, இந்த இடத்தில் எத்தனை பேரைப் புதைத்திருக்கிறது என்று கேட்டார்.

ஒருவரைத்தான் என்றேன்.

அவர் பென்சிலை எடுத்து, எல்லோருக்கும் இடம் போதும்படி தாளில் கல்லைக் கொஞ்சம் அகலமாகக் கீறினார்.